கீழ்வீட்டு வாம்புயைக் காலி செய்யச் சொல்லாதே

சிரஞ்சீவி ஸ்ரீகாந்துக்கு, திருமுல்கேரியிலிருந்து அப்பா. இங்கே எங்களுக்குக் குறைவில்லை, அம்மாவின் முட்டிவலிதான் விடவில்லை, அங்கே நீயும் தாரிணியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள்.

ஷம்ஷாபாத்தில் புது விமான நிலையம் திறந்தார்களே, அந்த வருஷம் ஆடி கழிந்து வந்தவள் அந்த கென்யாக்காரி வாம்புய். நம் கீழ்வீட்டில் சமைத்து அவள் நாட்டு மாணவர்களுக்கும் விருந்துகளுக்கும் அனுப்புகிறாள், இரண்டு வருஷமாக அவள் படுகிற பாட்டை நான் முப்பது வருஷக் கேண்டீன் வேலையில் பட்டதில்லை. கேஸ் சிலிண்டர் அவள் பேரில் கிடைக்காது, நான்தான் கைநாட்டு வைத்து வாங்கிக் கொடுத்தேன், போனில் ஆர்டர் சொன்னவர்கள் வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்கிறார்கள், போன மாதம் அறுபது பேர் சாப்பாடு அப்படியே ஆட்டோவில் திரும்பி வந்தது. இப்போது காலனிச் செயலாளர் சௌந்தரராஜன், சைவம் என்று ஏமாற்றிக் கறி சமைக்கிறாள் என்று உன்னிடம் சொன்னாராம், நீயும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாய். ஏமாற்றியது அவள் இல்லையப்பா, நான். முதல் நாளே கறி உண்டு என்று சொன்னாள், காலனியில் பேச்சு வேண்டாமே என்று நான்தான் சுத்த சைவம் என்று சொல்லிவைத்தேன். என் பொய்க்காக, வாசனை வெளியே போகாமல் இரண்டு கோடை சன்னலைச் சாத்திக்கொண்டு வெந்தாள், போன வாரம் தாங்காமல் திறந்துவிட்டாள். இந்த இடத்தில் அம்மா, உங்க பொய்யில என்னைச் சேர்க்காதீங்க என்கிறாள், அதையும் எழுதச் சொன்னேன். சௌந்தரராஜன் வாசலில் கத்தியபோது அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, எனக்குத்தான் பாஷை புரியல என்று அரைகுறை ஹிந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமை காலனிக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். இந்த வயசுல இது தேவையா பெரியவரே என்றார் சௌந்தரராஜன், தேவைதான் என்றேன். வீடு உன் பேரில் இருப்பதால், வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் வந்தால் இருக்கட்டும் என்று முடித்தார்கள்.

ராமச்சந்திராபுரத்தில் கேண்டீன் தொடங்க வந்த நாங்கள் நாலு சமையற்காரர்களும் இதே பொய்யைச் சொல்லித்தான் வாடகைக்குப் போனோம். கருவாடு வறுத்த அன்று வீட்டுக்கார விஸ்வநாத் வந்து, அந்த ஊர் ஹிந்தியில், கைக்கு, எதுக்கு இந்தப் பொய், கேட்டிருந்தா ஹவ், சரின்னு சொல்லியிருப்பேனே என்று சிரித்தார், ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தோம். இரண்டு பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், வேளைக்குச் சாப்பிடுங்கள், கையெழுத்துப் போட்ட காகிதத்தை மாதம் முடிவதற்குள் அனுப்ப மறக்காதே.

அந்த நாலு பேரில் நாராயணசாமி, சங்கரன், சுப்பிரமணியம் மூவரும் போன பின் மிச்சமிருக்கும்
உன் அப்பா பெருமாள்