தேத்தண்ணி குடிக்க மறுத்த அப்பாவுக்கு

எங்கள் தோட்டத்து வீட்டு வரிசைக்கே தொல்லையாக இருந்த என் அருமை அப்பா,

உங்கள் மகள் சாந்தி நியூசிலாந்துக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே தாதி வேலைதான், அதே சிறுநீரகப் பிரிவுதான். குளிர்தான் காதைப் பிடுங்குகிறது. நீங்கள் கண்மூடி நான்கு வருடமாகிவிட்டது, ஆனாலும் உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்தது போல மனது உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெட்டி கட்டிய கூத்தைக் கேளுங்கள். விமானத்தில் முப்பது கிலோதான் என்றதும், பக்கத்து வீட்டுச் சேகர் ஓடிப்போய் ரப்பர் ஒட்டுப்பால் நிறுக்கும் அந்தப் பழைய டாச்சிங் தராசைக் கொண்டுவந்தான். உத்திரத்தில் தராசை மாட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டால் முப்பத்து நான்கு கிலோ. அம்மா யோசிக்கவே இல்லை. என் குளிர்ச்சட்டை இரண்டை எடுத்து வெளியே வைத்தார். மிளகாய்த்தூளைத் தொடவிடவில்லை.

அப்போதுதான் எனக்குச் சேகரின் குழந்தை ஞாபகம் வந்தது. பிறந்து ஐம்பது நாள். "பொறந்த சூராட்டு எடுத்தாச்சாடா?" என்று பிறப்புப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதான் கிளினிக்குல புக்கு குடுத்துட்டாங்கல்லக்கா. அதுலயே பேரு எழுதியாச்சுலா" என்றான்.

உங்கள் அப்பாவும் இதைத்தானே நினைத்தார்? நீங்கள் பிறந்ததும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தன் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டார். கிராணி எழுதினால் கவர்மெண்டே எழுதின மாதிரி என்று தாத்தா நிம்மதியாகப் பால் வெட்டப் போய்விட்டார். தோட்டம் கைமாறியது, புத்தகம் போன இடம் தெரியவில்லை. பிறந்த மண்ணிலேயே நீங்கள் கடைசிவரை குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசி அட்டைக்காரர். எத்தனை முறை மனு போட்டீர்கள்? ஒவ்வொரு முறையும் கேட்டது அந்த ஒரு பத்திரத்தைத்தான்.

கோயில் குழுவோடு அம்மா தமிழ்நாட்டுக்குப் போன நாளை நான் மறக்கவில்லை. எல்லார் பெட்டியையும் கயிறு போட்டுக் கட்டித் தந்தது நீங்கள். பாஸ்போர்ட் இல்லாததால் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டீர்கள். அம்மா மறைந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

ஆனால் நீங்கள் மூலையில் உட்கார்ந்து புலம்பும் ஆளில்லை. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் உங்கள் மோட்டார் சைக்கிள் அந்த வீட்டு வாசலில் நிற்கும். தேத்தண்ணி கொண்டுவந்தால் டம்ளரைத் தள்ளி வைப்பீர்கள். பேர் பதிந்தால்தான் குடிப்பேன் என்று ஒரே பிடிவாதம். சோம்பல் பிடித்த தகப்பன்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோலா பிலா பதிவிலாகாவுக்குப் போய், பத்திரத்தோடுதான் திரும்புவீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைச் 'சூராட்டுக்காரர் மகள்' என்று கேலி செய்வார்கள். வெட்கப்பட்டிருக்கிறேன், அப்பா. மன்னியுங்கள்.

உங்களுக்குப் பிறகு அந்தக் கேள்வியை நான்தான் கேட்டுவந்தேன், சிரம்பானிலிருந்து வரும்போதெல்லாம். விசா அலைச்சலில் சேகர் வீட்டில் கேட்காமல் விட்டுவிட்டேன். நானும் போய்விட்டால் இனி யார் கேட்பது? பயணத்துக்கு இரண்டு நாள் வைத்துக்கொண்டு மனது தடுமாறியது. கிளம்பத்தான் வேண்டுமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை, பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவோடு சேகர் வீட்டுக்குப் போனேன். பதியக் கெடு முடிய இன்னும் பத்து நாள்தான் என்றேன். அவன் வேலைக்கு லீவு கிடைக்காது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தான். அதற்குள் அவன் மாமியார் தேத்தண்ணி கலந்து நீட்டினார். அம்மா டம்ளரை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"மொதல்ல புள்ளைக்குப் பேரு பதிஞ்சிட்டு வாங்க. பொறவு குடிக்கிறேன்."

நம் அம்மாதான், அப்பா. இந்தப் பழக்கத்துக்காக உங்களை வாய் ஓயாமல் திட்டிய அதே அம்மா. சேகர் சட்டையை மாட்டினான். என் காடியின் பின்சீட்டில் குழந்தையும் தாயும் உட்கார, கோலா பிலா போய் மத்தியானத்துக்குள் பத்திரத்தோடு திரும்பினோம். அம்மா ஆறிப்போன அந்தத் தேத்தண்ணியையே குடித்தார். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்து, "நீ நிம்மதியா போ. இத நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விமான நிலையத்தில் தம்பி குடும்பத்தோடு அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்தேன், கதவு திறந்தது, அவ்வளவுதான். இதற்காகவா நீங்கள் ஆயுள் முழுக்க அலைந்தீர்கள் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன்.

இங்கே இறங்கியதும் குடிநுழைவு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, என் பெயருக்குப் பின்னால் இருப்பது என்ன என்று கேட்டார். வீராசாமியின் மகள் என்று அர்த்தம், அது எங்கள் அப்பா பெயர் என்றேன். அவர் உங்கள் பெயரை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார். நான் பிறந்த மூன்றாம் நாளே நீங்கள் ஓடிப்போய்ப் பதிந்த பெயர், அப்பா. என் பெயரோடு உங்கள் பெயரும் எல்லை தாண்டி வந்துவிட்டது.

நேற்று அம்மா அழைத்தார். கடைசி வரிசை வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். பார்க்கப் போயிருக்கிறார். தேத்தண்ணி குடிக்கவில்லையாம்.

ஞாயிறுதோறும் அழைப்பேன், முதல் கேள்வியாகப் பேர் பதிந்தாயிற்றா என்றுதான் கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
சூராட்டுக்காரர் மகள்
சாந்தி வீராசாமி