தாடி வளர வளரத் தேய்ந்த சோப்பு

வழுவழுத்த கன்னத்துக்கும் வாய் திறக்காத குணத்துக்கும் பேர்போன என் அத்தானுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த மாசி மாதத்திலிருந்து உங்கள் சவரப் பெட்டியை நான் தொடவில்லை. அலமாரியின் மேல்தட்டில் நீங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. நேற்றுக் காலை தூசி தட்டலாம் என்று எடுத்துத் திறந்தேன். பிரஷ் ஈரமாக இருந்தது.

ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டதே, கூரை ஒழுகியிருக்குமோ என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை. சோப்பைத் தொட்டேன். அதுவும் வழுக்கியது. நீங்கள் இருந்தால், "உனக்கு வேற சோலி இல்லையா கோமதி" என்று கேட்டிருப்பீர்கள். வேறு சோலி நிறைய இருக்கிறது. ஆனால் இதை யார் பார்ப்பது?

வீட்டில் இருப்பது நானும் நம் மகள் உலகுவும்தான். அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் செங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். என் சந்தேகம் நேராக அவர் மேல்தான் போயிற்று. ஆனால் அவர் முகத்தில் தாடி மண்டிக் கிடக்கிறது. பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்கிற வழக்கத்தை அந்தப் பிள்ளை ஒழுங்காகத்தான் கடைப்பிடிக்கிறார்.

தாடியும் இருக்கிறது, பிரஷும் நனைந்திருக்கிறது. அப்படியானால் நுரை யார் முகத்துக்கு? இதே கேள்வியை ஒருகாலத்தில் உங்களிடம் கேட்டவள் நான். மறந்திருக்க மாட்டீர்கள்.

கொழும்பு ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு, தென்காசி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக நீங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் நமக்குக் கல்யாணம் ஆனது. கொழும்பிலிருந்து நீங்கள் கொண்டுவந்த சாமான்களில் உருப்படியாக இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். உள்ளே நீல வெல்வெட்டு, பிளேடு மாட்டுகிற ரேஸர், கொழுகொழுவென்று ஒரு பிரஷ், வட்டச் சோப்பு, படிகாரக் கட்டி. ஜவுளிக்கடைச் சிப்பந்தி தானாக வாங்கக்கூடிய பெட்டியாக அது எனக்குத் தெரியவில்லை. "இது யாரு குடுத்தது?" என்று கேட்டேன். "வெந்நி ஆறிரும் கோமதி" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சந்தேகம்.

ஊரில் மற்ற ஆண்கள் எப்படி இருந்தார்கள்? ஊருக்குச் சவரம் செய்கிற குடிமகன் முத்தையா கத்தியும் கிண்ணியுமாக வீடு தேடி வருவார். செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது, அமாவாசை ஆகாது. ஆகிற நாளில் உட்கார்ந்து முகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தால், அவர் மறுபடி வருகிற வரைக்கும் தாடை இருக்கிற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. நீங்களோ தினமும்.

மாதுளங்கிளையில் கண்ணாடியை மாட்டுவீர்கள். ஈரத்துண்டால் கன்னத்தை ஊறவைத்துவிட்டு, பிரஷைக் கிண்ணத்தில் சுற்றிச் சுற்றி, காலை வண்டி வரப்போகிற கவலையே இல்லாமல் நுரை எழுப்புவீர்கள். பிறகு சரக் சரக்கென்று வழிக்கிற சத்தம். மேலிருந்து கீழே ஒரு தரம். மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு தரம். கடைசியில் புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்து, கண்ணாடிக்குள் லேசாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. யாருக்காக இந்த அலங்காரம்? பார்சல் மூட்டைகளுக்கா?

உங்கள் அம்மாவுக்கு வேறு கவலை. "எந்த மிருகத்து முடியோ, சைவ வீட்டுல மூஞ்சியில வச்சுத் தேய்க்கான்" என்று பிரஷை அடுப்படிப் பக்கமே அத்தை விடமாட்டார்கள். முத்தையாவுக்கும் மனத்தாங்கல். ஒருநாள் வாசலில் நின்று என் காதுபடச் சொன்னார்: "தெனமும் செரைச்சுக்கிடுத ஆம்பளை ரெண்டு வகைதான் தாயி. ஒண்ணு நாடகக்காரன். இன்னொண்ண நான் எதுக்குச் சொல்லணும்?" சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போனதால் எனக்குப் பல நாள் தூக்கம் கெட்டது.

பிறகு உலகு வயிற்றில் வந்தாள். அத்தை எடுத்துச் சொல்வதற்கு முன்னாலேயே நீங்கள் பெட்டியை மூடிவிட்டீர்கள். தாடி வளர்ந்தது. ஸ்டேஷனில் உங்களைச் சாமியார் என்று கேலி செய்கிறார்கள் என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். காலையில் பழக்க தோஷத்தில் கிணற்றடிக்குப் போய் மாதுளையைப் பார்த்தபடி நிற்பீர்கள். கை மட்டும் கன்னத்துக்குப் போய் வரும். எனக்காக ஒரு மனுஷன் தனக்கு உயிரான ஒன்றை விட்டிருக்கிறார் என்று நினைத்து நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் சாரல் வரைக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குற்றாலம் கிளம்ப ஆரம்பித்தீர்கள். அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெயும் துண்டும் எடுப்பார்கள். நீங்கள் பெட்டியையும் எடுத்தீர்கள்.

"தாடி வச்சிருக்கவுகளுக்குப் பெட்டி எதுக்கு?"

"சும்மா கையில கெடக்கட்டும்."

சாயங்காலம் திரும்பி வந்தால் தாடி அப்படியே இருக்கும். பிரஷ் நனைந்திருக்கும். வாராவாரம் பார்த்தேன். தாடி வளர வளரச் சோப்பு தேய்ந்துகொண்டே வந்தது.

நீங்களே சொல்லுங்கள், நான் என்னதான் நினைப்பது? பொம்பளை விவகாரம் என்றால் பொம்பளைக்கு எதற்குச் சவரச் சோப்பு? அரிசி களைகிறபோதும் அதே யோசனை, விளக்குத் துடைக்கிறபோதும் அதே யோசனை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். குற்றாலத்தில் ஒருத்தி இருக்கிறாள். கொழும்பிலிருந்து வந்தவள், பெட்டியைக் கொடுத்தவளும் அவள்தான். அவளுக்கு நடமாட்டம் இல்லாத ஒரு தகப்பனார் இருக்கிறார். அந்த மாமனாருக்குத்தான் நீங்கள் வாராவாரம் சவரம் செய்துவிட்டு வருகிறீர்கள். எல்லாம் அச்சாகப் பொருந்தியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அத்தையிடம் சொன்னேன். "அங்கன இன்னொரு மாமனார் இருக்காரு அத்தை." அத்தைக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "வயித்துப்பிள்ளைக்காரி கண்டதையும் நினைக்காதட்டி" என்று எழுந்து போய்விட்டார்கள்.

இலத்தூரிலிருந்து என் அண்ணன் வந்தபோது, குற்றாலத்துக்கு வண்டி கட்டச் சொன்னேன். "சாரல்ல நனையப்பிடாது, நீ பேசாம கெட" என்று காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் அண்ணன் கிளம்பிவிட்டார். எல்லாரும் கூட்டு என்று தெரிந்துபோயிற்று. எனக்காகக் கேட்க அப்பாவும் ஊரில் இல்லை. அம்மா இறந்த துக்கம் தாளாமல் அப்பா காசி யாத்திரை போயிருப்பதாக அண்ணன் சொல்லியிருந்தார். வளைகாப்புக்கும் வரவில்லை. ஊரையே சந்தேகப்பட்ட நான், அந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் கிளம்பின கையோடு, குற்றாலநாதருக்கு நேர்ச்சை என்று அத்தையிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அடுத்த தெரு வில்வண்டியைப் பிடித்து நானும் வந்தேன். அருவிக்கரை முழுக்க எண்ணெய் வழிகிற உடம்புகள். சித்தம் கலங்கினவர்களை அருவிக்கடியில் நிறுத்தினால் தெளியும் என்று எங்கெங்கிருந்தோ கூட்டி வந்திருந்தார்கள். அவர்களுடைய கூச்சலைக் கேட்க முடியவில்லை. ஒரு பூக்காரியைப் பிடித்தேன்.

"தாடி வச்சிருப்பாவ, கையில ஒரு பெட்டி இருக்கும். பாத்தியா?"

"மாமனாருக்குச் செரைச்சு விட வருவாவளே, அவுகளா? அந்தத் தோப்பு வீட்டுலதான் இருக்காவ."

மாமனார்! அவள் வாயாலேயே வந்துவிட்டது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அதற்கு நடுவிலும், நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. மனசு எப்படிப்பட்டது பாருங்கள்.

தோப்பு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி. அதில் எனக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கிழவர். அவருக்கு முன்னால் தாடியும் நீங்களுமாக நின்று, அவர் கன்னத்தில் பிரஷைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் வெந்நீர்ச் செம்போடு நின்றது என் அண்ணன். அண்ணன்தான் முதலில் என்னைப் பார்த்தார். செம்பு ஆடித் தண்ணீர் சிந்தியது. கிழவர் திரும்பாமலே அதட்டினார்:

"யாருலே அது? நுரை காஞ்சிரும். பொறவு வரச் சொல்லு."

அது என் அப்பாவின் குரல்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கை நிற்கவில்லை. "செத்த உக்காரு கோமதி. இந்தக் கன்னம் முடியட்டும்" என்றீர்கள், நான் நம் வீட்டுக் கிணற்றடிக்கு வந்து நின்றது போல. நான் தரையில் உட்கார்ந்தேன். அழுதேன் என்று அண்ணன் சொன்னார். எனக்கு அந்த வழிக்கிற சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது.

பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். காசியும் இல்லை, யாத்திரையும் இல்லை. அம்மா போன பிறகு அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. முழுகாமல் இருப்பவள் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அண்ணனும் அத்தையும் நீங்களும் சேர்ந்து மறைத்தீர்கள். சவரம் செய்ய வந்த ஆளின் கத்தியை அப்பா பாய்ந்து பிடித்ததில் உள்ளங்கை கிழிந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஒருத்தரும் கிட்டே வரவில்லை. தாடிக்குள் புண் வந்து, பிறாண்டிப் பிறாண்டி முகமெல்லாம் ரத்தம். பாய்ந்து பிடித்தாலும் அறுக்காத ரேஸர் ஊரில் உங்களிடம்தான் இருந்தது. கதகதப்பான நுரை கன்னத்தில் பட்டதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டாராம். மற்ற நேரமெல்லாம் கட்டிப்போட வேண்டியிருந்தவர், அந்த நேரம் மட்டும் அசைய மாட்டாராம்.

"பெரிய புண்ணியம்னு நினைச்சிராத" என்றீர்கள். "எனக்கும் கை சும்மா இருக்க மாட்டங்குது. நம்ம மூஞ்சியிலதான் கூடாது."

கடைசியில் அப்பாவின் கையில் கண்ணாடியைக் கொடுத்தீர்கள். அவர் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில், தன் தோளுக்குப் பின்னால் எழுந்து நின்ற நான் தெரிந்திருப்பேன் போல. "ஏட்டி கோமதி, எப்பம் வந்த? மாசமா இருக்கியா? ஒருத்தனும் சொல்லலையே" என்றார். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். நேருக்கு நேர் பார்த்தபோது அவருக்கு நான் யாரென்று தெரியவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்ததே அத்தான்.

சந்தேகப்பட்டதற்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போதும் கேட்க மாட்டேன். பொய் சொன்னது நீங்கள். நான் வண்டி பிடித்து வந்திருக்காவிட்டால் அந்த வார்த்தையும் இல்லை. அடுத்த ஞாயிறிலிருந்து வெந்நீர்ச் செம்பு என் கையில். அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். உலகு ஒரு குறையும் இல்லாமல்தான் பிறந்தாள். நீங்கள் தாடியை எடுத்த அன்று, "யாரோ புது ஆளு வாராவ" என்று நான் கதவைச் சாத்தினேன். உலகு தவழ்கிற வரைக்கும் அப்பா இருந்தார். போகிறபோதும் கன்னம் சுத்தமாகவே போனார்.

உலக யுத்த காலத்தில் பிளேடு கிடைக்காமல், பழைய பிளேடைக் கண்ணாடி டம்ளருக்குள் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கூர் ஏற்றினீர்களே. இரண்டு டம்ளர் காணாமல் போனபோதும் நான் சந்தேகப்பட்டேன். அதுவும் சரிதானே?

போன தை மாதம் உங்களுக்குக் கையைத் தூக்க முடியாமல் போனது. நான்தான் செய்துவிட்டேன். "எதுத்தாப்புல வழிக்காத, எரியும்" என்று படுக்கையிலும் அதிகாரம். வசமாக மாட்டினீர்கள் என்று நுரை போட்டுக்கொண்டே பழைய கேள்வியைக் கேட்டேன்: "இப்பமாவது சொல்லுங்க, கொழும்புல இந்தப் பெட்டிய யாரு குடுத்தா?" வாயைச் சுற்றி நுரை. கண்ணால் சிரித்தீர்கள். வழித்து முடித்தபோது தூங்கிப்போயிருந்தீர்கள், அல்லது தூங்குகிற மாதிரி கிடந்தீர்கள். எது உண்மை?

நேற்றைய ஈரத்துக்கு வருகிறேன். இன்று காலை அடுப்படியில் இருப்பது போலப் பாத்திரத்தை உருட்டிவிட்டு, சத்தமில்லாமல் வந்து எட்டிப் பார்த்தேன். கிணற்றடி மாதுளைக்குப் பக்கத்தில் உலகு. வயிறு முட்ட முட்டக் குனிய முடியாமல் நின்றுகொண்டு, கிண்ணத்தில் பிரஷைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நுரையை உள்ளங்கையில் எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனாள்.

"என்னட்டி பண்ணுத?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். மூக்கு நுனியில் நுரை. "அப்பா வாசம்மா" என்றாள். "இது இல்லாம எனக்குச் சோறு எறங்கமாட்டங்குது."

திட்ட வந்தவள், வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். பச்சைத் தண்ணீரில் நுரை சரியாக எழும்பாதே. நானும் கையை நீட்டினேன். நீங்கள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது போல இருந்தது அத்தான். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். வேறென்ன சொல்ல?

சோப்பு பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. தீரட்டும், இதே சோப்பைத் தேடி வாங்குவேன். பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளை தாடியை உங்கள் பெட்டியை வைத்துத்தான் எடுப்பார். வெந்நீர் நான் வைப்பேன். எல்லாம் முடிந்து நானும் அங்கே வருவேன். அங்கே கிணற்றடியும் கண்ணாடியும் வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நுரை போடுவதற்கு முன்னாலேயே பிடித்துவிடுவேன். பெட்டியைக் கொடுத்தது யார் என்பதற்குப் பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். வெந்நீர் ஆறினால் ஆறட்டும்.

இப்படிக்கு,
உங்களுடைய ஒரே மாமனாரின் மகள் (என்றுதான் இதுவரைக்கும் நம்புகிறேன்),
கோமதி