கோட்டில் நின்று மாப்பிள்ளை சொன்னது

மார்ச் 4

என் வாயாடி மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. எல்லாம் நான் அன்றைக்கே சொன்னபடிதான் நடந்தது. மாப்பிள்ளை அந்தக் கரண்ட் பைக்கைப் பந்தயத்துக்குக் கொண்டுபோவார் என்றேன், போனார். பெட்ரோல் வண்டிக்காரர்கள் மண்ணைக் கவ்வுவார்கள் என்றேன், கவ்வினார்கள். கடைசிச் சுற்றில் பேட்டரி சூடு தாங்காது என்றேன். அதுவும் பலித்துவிட்டது. இந்தக் கரிநாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்.

போனில் சொல்லலாம்தான். நீ "சரி மாமா, சரி மாமா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

விமானம் இறங்குவது நின்றுபோன பழைய ஓடுபாதையில்தான் பந்தயம். வளைவு நெளிவு ஒன்றும் கிடையாது. இரண்டு இரண்டு வண்டியாகக் கிளம்ப வேண்டும், முதலில் மறுமுனையைத் தொட்டவன் ஜெயித்தான். டீயை ஊதிக் குடிப்பதற்குள் முடிந்துவிடும். கிளம்பும் கோட்டுக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பம். மஞ்சள் எரிந்து பச்சை வரும். பச்சைக்கு முன்னால் அசைந்தால் சிவப்பு, மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கூட்டம் ஒரு லட்சம் இருக்கும், குறைத்துத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும், தையல் மிஷின் வருது, வழி விடுங்க என்று கத்தினார்கள். நம் வண்டிக்குச் சத்தமே இல்லையல்லவா, உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அதனால் பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்குப் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். கொடிக்காரப் பையன் பக்கத்தில் வந்து எட்டி எட்டிப் பார்த்தான். நான் சொன்னேன்: "தம்பி, சத்தமில்லையேன்னு கிட்டப் போகாதே. எங்க வீட்டம்மாவும் இப்படித்தான்." சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பந்தயமே கொஞ்ச நேரம் நின்றுபோயிற்று.

அந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியது யார்? நான். எட்டாவதோடு நின்றவன் கட்டிய காயில். முதல் சுற்றில் எதிராளி கிளட்சை விடுவதற்குள் மாப்பிள்ளை பாதி தூரம் போய்விட்டார். இரண்டாவது சுற்றும் அப்படியே. கடைசிச் சுற்றில் ஒரு தாடிக்காரன் வந்தான். அவன் வண்டி போட்ட சத்தத்தில் என் மூக்குக் கண்ணாடி விரிசல் விட்டது. அவனையும் முக்கால் தூரம் வரை பின்னால் வைத்திருந்தார். அப்புறம் பேட்டரி கொதித்து, கன்ட்ரோலர் கரண்டை வெட்டிவிட்டது. வண்டிக்குப் பின்னால் இருந்த சிவப்பு விளக்கு அணைந்ததை நான் கோட்டிலிருந்தே பார்த்தேன். தாடிக்காரன் தாண்டிப் போனான். மாப்பிள்ளை உருண்டு உருண்டு போய் ஓரமாக நின்றார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். அந்தக் கடைசிச் சுற்றுக்கு முன்னால், வண்டியின் வாலைப் பிடித்து நேராக நிறுத்துவதுதான் என் வேலை. நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். மாப்பிள்ளை ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மாமா, ஜன்னலை மறைச்ச அலமாரியை எடுத்துடறேன். அவகிட்ட சொல்லுங்க."

என்ன ஜன்னலோ, என்ன அலமாரியோ. புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம். சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் மாமன்


மார்ச் 19

அன்பு மாமாவுக்கு,

கடிதம் வந்தது. உங்கள் கடிதங்களை எப்போதும் பத்தால் வகுத்துத்தான் படிப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த முறை லட்சம் பேரை நூறால் வகுத்தேன். காயில் கட்டியது அவர், நீங்கள் வார்னிஷ் அடித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடி நான் அங்கே இருந்தபோதே விரிசல் விட்டதுதான்.

ஆனால் ஜன்னலை என்ன செய்வது என்று தெரியவில்லை.

எங்கள் படுக்கையறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். கல்யாணமான புதிதில் நான் திரை தைத்து மாட்டினேன். பேட்டரி வேலை ஆரம்பித்ததும் இரும்பு அலமாரியைக் கொண்டுவந்து அதன் முன்னால் நிறுத்தி பேட்டரி செல்களை அடுக்கினார். மற்றச் சுவர்கள் ஈரம் கசியும், செல்லுக்கு ஆகாது என்றார். எனக்கு மட்டும் ஆகுமா என்று கேட்டேன். அதன் பிறகு பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் துணி மடிப்பேன். சார்ஜ் ஏறும்போது அந்த அலமாரி சூடாக மூச்சு விடும் மாமா. அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, எப்போது தீப்பிடிக்கும் என்று விழித்துக் கிடப்பேன். அவர் நன்றாகத் தூங்குவார்.

கிளம்பிய அன்றைக்கும் ஒன்றுதான் கேட்டேன். "அலமாரியை மட்டும் எடுங்க. நான் போகலை." அவர் கையில் இருந்த சால்டரிங் இரும்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நல்ல வேலை கிடைத்தது, வந்துவிட்டேன் என்றுதான் அம்மாவிடமும் சொன்னேன். இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்கள் கதை விட்டால் பெரிதாகத்தான் விடுவீர்கள். அவர் அழுதார், உன் பெயரை மைக்கில் சொன்னார் என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். இது சின்னதாக இருக்கிறது. வகுக்க வரவில்லை.

அவருக்குப் போன் செய்தால் மணி போகிறது, எடுப்பதில்லை. நான் இங்கே வந்ததிலிருந்தே அப்படித்தான்.

இங்கே கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் கூடத்தில் என்னை மேற்பார்வைக்கு உயர்த்தி, புது ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷத்துக்கு அசைய முடியாது. போடாவிட்டால் அடுத்த மாதத்தோடு கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். திரும்ப எடுக்கமாட்டார்கள். என் அறையில் பெரிய ஜன்னல் இருக்கிறது. கார் நிறுத்துமிடம் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

நிஜமாகச் சொன்னாரா மாமா? ஆம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 30

மருமகளுக்கு,

ஆம்.

ஒரு வார்த்தையில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். என் ஆயுளில் இவ்வளவு சின்னக் கடிதம் யாருக்கும் எழுதியதில்லை, கை நமநமவென்கிறது. வார்னிஷ் அடிப்பது லேசான வேலை என்று நினைக்கிறாயா? வார்னிஷ் சரியில்லை என்றால் காயில் புகைந்துவிடும். கட்டியவன் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

உன் அத்தைக்கு முட்டி வலி. எனக்கு ஒன்றும் இல்லை, குதிரை மாதிரி இருக்கிறேன்.

உன் மாமன்


ஏப்ரல் 9

மாமா,

ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் அம்மா நல்லவர், உட்காரவைத்துக் காரணம் கேட்டார். வீட்டில் ஜன்னலைத் திறக்கிறார்கள் என்றேன். என் தலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு முறை கேட்டார், யோசித்துவிட்டாயா என்று. என் இடத்துக்கு அன்று சாயங்காலமே ஆள் போட்டாயிற்று.

மாதக் கடைசியில் கிளம்புகிறேன். அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வாசலில் வந்து நிற்க வேண்டுமே என்று சங்கடப்படுவார். அவருக்கு அதெல்லாம் வராது. அலமாரியை எடுத்த இடத்தில் சுவர் அழுக்காக இருக்கும். நானே வந்து துடைத்துக்கொள்கிறேன். பழைய திரை மக்கிப்போயிருக்கும் என்று இங்கே புதிதாக ஒரு துணி எடுத்திருக்கிறேன். மெல்லிய துணி, வெளிச்சம் வரும்.

அத்தைக்கு முட்டிக்குத் தைலம் கொண்டுவருகிறேன். உங்களுக்கு ஒரு நல்ல மூக்குக் கண்ணாடி, நானே தேய்த்த லென்ஸ்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 17

அம்மாடி,

இதைப் போனில் சொல்ல மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய்.

உன் கடிதம் வந்த அன்றே மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினேன். நீ வருவதற்குள் அந்த அலமாரியை எப்படியாவது நகர்த்திவிட வேண்டும் என்று. படுக்கையறையில் கால் வைக்க இடமில்லை. பைக்கைப் பிரித்துக் கட்டில் மேல் பரப்பியிருக்கிறார். அவர் கீழே தரையில் படுக்கிறார். நான் தோளைக் கொடுத்து அலமாரியைத் தள்ளிப் பார்த்தேன். இந்த முறை பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு விரல் அளவுகூட நகரவில்லை.

"அது இருக்கட்டும் மாமா. அடுத்த பேட்டரி இன்னும் பெரிசு. இன்னொரு அலமாரி வேணும்" என்றார்.

அப்போது நான் உன் பேச்சை மீறிச் சொல்லிவிட்டேன், அவள் வருகிறாள், வேலையை விட்டுவிட்டு வருகிறாள் என்று. அவர் ஒரு செல்லை எடுத்து மீட்டரில் வைத்து அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

"எதுக்கு?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குத் தெம்பு வந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டு, உனக்கு வேறு மாதிரி எழுதியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, அடுத்த செல்லை எடுத்துவிட்டார்.

ஜன்னல் விஷயம் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாய். பந்தயத்தன்று காலையில் பேட்டரியைத் தூக்க அந்த அறைக்குப் போனேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு துணி நுனி எட்டிப்பார்த்தது. பூப்போட்ட துணி. "இங்க ஜன்னலா இருக்கு?" என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றார். உன் கைத் தையல் எனக்குத் தெரியாதா? அதிலேயே எனக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. லட்சம் பேர், மைக், கண்ணீர் என்று நான் அடித்துவிட்டால் நீ நம்பமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். நீ வகுப்பது உனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை, உன் அத்தையும் அப்படித்தான் செய்கிறாள். அதனால் அந்த ஒன்றை மட்டும் அளந்து, சின்னதாக எழுதினேன். நீ வந்துவிட்டால் போதும், அப்புறம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த மேலாளர் அம்மாவிடம் போய்க் கேட்டுப் பார். ஆள் போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறாய், இருந்தாலும் கேட்டுப் பார். முடியாது என்றால் எங்கள் வீட்டுக்கு வா. அறை சின்னது, ஆனால் இரண்டு பக்கமும் ஜன்னல்.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் நான் வண்டியை நேராக நிறுத்தினது நிஜம். அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினதும் நிஜம். நான் பக்கத்தில் போய் உன் பெயரைச் சொன்னேன், அங்கிருந்து உங்களை விசாரித்துக்கொண்டே இருக்கிறாள் என்று சொன்னேன். ஆனால் ஜன்னல் பற்றி அவர் பேசவே இல்லை. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"தள்ளி நில்லுங்க மாமா."

மாமன்