ரத்த ஓட்டம் கூடுதல்

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு

இன்று குழந்தைக்கான வைத்தியத்துக்காகப் புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித்தான் வருகிறது. திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ துடித்தது. "சினைப்பைக்கு ரத்த ஓட்டம் கூடுதலா இருக்கும்மா. முட்டை வளர்ற ஊசியக் கொறைச்சுத்தான் போடணும்" என்றார் டாக்டரம்மா.

வெளியே காத்திருந்த என் கணவரிடம் சொன்னேன். "ரத்தம் நல்லா ஓடுனா நல்லதுதானே? ஊசிய ஏன் கொறைக்கிறாங்க?" என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்புக்கு ரத்த ஓட்டப் பாடம் நடத்துகிற நானே திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். "ஒங்களுக்குச் சின்னச் சின்ன முட்டை நெறைய நிக்குது. ஊசி கூடுனா எல்லாம் ஒண்ணா வளந்து வயிறு வீங்கிரும்" என்றார். பாதிதான் புரிந்தது.

விராலிமலை பஸ்ஸில் இலுப்பூர் தாண்டியதும் கணவர் மெதுவாக, "நானும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கவா?" என்றார். நான்கு வருட வைத்தியத்தில் இப்போதுதான் கேட்கிறார்.

"பாருங்க" என்றேன்.

சந்தோஷமா, பயமா தெரியவில்லை. அவருக்கும் குறை இருந்தால் உடைந்துபோவார். இல்லையென்றால் எல்லாம் மறுபடி என் தலையில்தான். சாமி கும்பிட உட்கார்ந்தேன். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.