லத்தீன் படிக்கும் மகளுக்கு, உன் அண்ணன் செய்தது பற்றி

அன்பு மகள் தொனாத்தாவுக்கு அம்மா எழுதுவது. பீசாவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதா துணை இருப்பாளாக. இங்கே நான் இருக்கிறேன், நலம் என்று எழுதினால் பொய். இடது கையில் இரண்டு விரல் உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது, காகிதத்தை அமுக்கிப் பிடிக்க முடியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே.

தப்பு முதலில் என்னுடையது. வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்குப் பேராசிரியர்கள் முன்னால் நின்று பட்டத்துக்கான உன் ஆய்வைப் பற்றிப் பேசப் போகிறாய், கதவு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று நீ எழுதியிருந்ததைப் பெருமை தாங்காமல் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துவிட்டேன். உன் அண்ணன் சவேரியோ கேட்டுக்கொண்டே இருந்தான். எண்ணெய்ச் செக்குக்காரன் கோசிமோவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்தே அவனுக்கு வயிற்றெரிச்சல். போதாததற்குக் காப்பிக் கடையில் தினமும் அவனைக் குத்திப் பேசுகிறார்கள், "லத்தீன் படிச்சவனெல்லாம் சாமியாராத்தான் போனான், உன் தங்கச்சி எந்தக் கோயில்ல பூசை வைக்கப் போறா?" என்று.

ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு வந்தான், நான் கொல்லையில் தக்காளி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கோடாலியோடு உன் அறைக்குள் போய் மேசையைப் பிளந்தான், உன் பெரிய அகராதியை வாசற்படியில் வைத்து விறகு மாதிரி வெட்டினான். பிடுங்கப் போன என் கையைக் கோடாலிக் காம்பால் அடித்தான், முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் இடித்தான், பல் ஒன்று போய்விட்டது. பீசாவுக்கு எடுத்த ரயில் டிக்கெட்டை என் முகத்துக்கு நேரே காட்டி, "அத்தனை வாத்தியாருங்க முன்னாடியும் அவளை இழுத்துட்டு வரேன், வரலைன்னா அங்கேயே வெட்டிப் போடுறேன்" என்றான். குடித்தவன் பேச்சு என்று விட்டிருப்பேன், டிக்கெட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெறி வந்தது. கொல்லைக்கு ஓடினேன், பின்னாலேயே வந்தவன் கையில் கொதிக்கிற தக்காளிச் சட்டியைக் கவிழ்த்தேன். அவன் அலறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான், நான் வாயில் ரத்தம் ஒழுகக் காவல் நிலையத்துக்கு ஓடினேன். அதிகாரி பேனாவைத் திறக்கவே இல்லை. "பெத்த பிள்ளை மேலயா எழுதிக் குடுக்குறே கார்மேலா? நாளைக்கு ஊரே உன்னைத் துப்பும்" என்றார். "துப்பட்டும், நீங்க எழுதுங்க" என்றேன். எழுதினார். இப்போது உன் அண்ணன் சிறையில் இருக்கிறான், சீக்கிரத்தில் விடமாட்டார்களாம். ரொட்டிக் கடைக்காரி எனக்கு மட்டும் ரொட்டியைக் கையில் தராமல் பலகையில் எறிகிறாள்.

நீ அழுதுகொண்டு தேதியைத் தள்ளிப் போடாதே. அவன் செய்ததற்கு நீ காரணமில்லை, அந்த நினைப்பே உனக்கு வரக் கூடாது. முந்தின நாள் இரவு சீக்கிரம் படு, கறுப்புக் காலுறை கிழிந்திருந்தால் புதிது வாங்கிக்கொள், கேள்வி கேட்டால் தலையைக் குனியாமல் பதில் சொல்.

வருவேன் என்று சொல்லியிருந்தேன், வரமாட்டேன் மகளே. சிறையில் பார்க்க விடுவது வியாழக்கிழமை மட்டும்தான். பட்டம் வாங்கியதும் வழக்கப்படி உன் தலையில் இலைமாலை வைத்துக் கைதட்ட உனக்குத் தோழிகள் இருக்கிறார்கள். அவன் கையெல்லாம் கொப்புளம், மருந்து கொண்டுபோக என்னை விட்டால் யாரும் இல்லை.

மாதா உன் நாவில் இருந்து பேசுவாளாக. முடிந்ததும் ஒரு தந்தி கொடு.

உன் அம்மா,
கார்மேலா