ரிவர்ஸ் விழாத எஸ்யூவி

ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து கணவன் வருமுன், ரெஜினா சீட்டெழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்:

"லிசா அப்பா, பொண்ணுக்குப் பிரசவ வலி வந்துடுச்சு. ஆட்டோல படப்பை ஆஸ்பத்திரிக்குப் போறோம். நம்ம கெழட்டு வண்டிக்கு ரிவர்ஸ் கியர் விழாதுன்னு தெரிஞ்சும், நேத்து அதோட மூஞ்சிய ஷெட்டுக்குள்ள வெச்சு நிறுத்திட்டீங்க. ரோடு மேடு, நாலு பேர் தள்ளியும் ஏறல. கியர்பாக்ஸைப் பிரிச்சுப் பாருங்கன்னு சொன்னப்போ, 'முன்னாடி போவுதில்ல, வுடு'ன்னீங்க. இட்லி ஹாட்பாக்ஸ்ல கீது."

ஆட்டோவில் லிசா முனகினாள். வாசல்வரை ஓடிய ரெஜினா, திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்:

"வண்டிச் சாவி என்கிட்ட கீது. இன்னும் ஆளுங்களக் கூட்டியாந்து தள்ளி, தூக்கக் கலக்கத்துல வண்டிய எடுத்துகினு வராதீங்க, பஸ்ல வாங்க. ஒருத்திக்கு ஜெபம் பண்ணவே வாய் வரல. உங்களையும் சேத்து ரெண்டு பேருக்கு என்னால முடியாது."