மாப்பிள்ளை காருக்குப் புது இன்ஜின்

ஆடி 4, ஞாயிறு

வெயில் மண்டையப் பொளக்குது. காலை வேலை: கொல்லையில தார்ப்பாய இழுத்துப் போட்டுட்டு முரளி வண்டிய வெளிய தள்ளினது. முரளி வண்டியாம்! என் வண்டி. விவாகரத்துப் பஞ்சாயத்துல அவங்கம்மா சொன்னாங்களே, "அந்தத் துருவ அவளே வச்சிக்கட்டும்பா." எல்லாரும் சிரிச்சாங்க. என் சொந்த மாமாகூட. ஆர்.சி. புக் அப்பவே என் பேருக்கு வந்துடுச்சு.

ரெண்டே சீட்டு. மேல கூரை கிடையாது. வெள்ளக்காரன் செஞ்ச பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒன்பது வருஷக் குடித்தனத்துல ஒரு நாள் ஓடல. இந்த போல்ட்டு லண்டன்லருந்து வரணும், அந்த வாஷர் ஒரிஜினலா கெடைக்கணும். நான் தூசி தொடச்சாகூட, "கை வெக்காத தேவகி, உனக்கு இதெல்லாம் புரியாது." கடைசில வண்டியும் கெளம்பல, அவன்தான் கெளம்பிட்டான். மெட்ராஸ்ல ஒருத்திகூட. (இனிமே மு. போதும். முழுப் பேரு எழுதினா இங்க் வேஸ்ட்.)

தாஸ் வந்து பாத்தான். ஐயம்பேட்டை ரோட்டுல மெக்கானிக் ஷெட் வச்சிருக்கறவன். அடித்தகட்டுல கைய வுட்டான், கை நேரா தரையத் தொட்டுச்சு.

"அக்கா, இது காரா, ஜல்லடையா?"

"ஓடுமா, ஓடாதா?"

"தகடு வெல்டு பண்ணிடலாம். இந்த இன்ஜினோட மட்டும் ஓடாது. புதுசு போடணும்."

"பிடுங்கிப் போடு."

சொன்னதும் வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு. மு. கேட்டா நெஞ்சு வெடிச்சிடுவான். வெடிக்கட்டும்.

ஆடி 11, ஞாயிறு

புழுக்கம். கரண்ட் போய்ப் போய் வருது. நேத்து பூரா யோசிச்சிக்கினே தறியில உக்காந்ததுல ஒரு எழை அறுந்துச்சு. பரவால்ல.

முடிவு பண்ணிட்டேன். வண்டிய மாப்ள அழைப்புக்கு வாடகைக்கு வுடப் போறேன்.

இந்த ஊர்ல அதுக்கு மேல தொறந்த கார்தான் கேக்கறாங்க. இருக்கற பழைய கார்ங்க மேளக்காரங்க பின்னால நடக்கற வேகத்துல ஊர்ந்தா பாதி வழியில ரேடியேட்டர் பொங்கிடுது. புது இன்ஜின்னா பொங்காது, கரண்ட் ஃபேன் இருக்குது, எவ்ளோ நேரம் வேணா நிக்கும்னு தாஸ் சொல்றான்.

மு. இத விண்டேஜ் கார் கண்காட்சில, சுத்திக் கயிறு கட்டி நிறுத்தணும்னு கனவு கண்டவன். நான் பானெட்டு மேல செல்லோ டேப் போட்டு மல்லிப்பூ ஒட்டப் போறேன். சீரியல் லைட்டு சுத்தப் போறேன். கண்டவன் செருப்புக் காலோட சீட்டு மேல ஏறி நிக்கட்டும். இதவிடப் பெரிய அசிங்கம் அவனுக்குக் கெடையாது. நெனச்சாலே இனிக்குது.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. புளி சாதம், தேங்கா சாதம். தாஸுக்கும் ஒரு டப்பா.

மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய சாமான் கடையிலருந்து இன்ஜின் வந்துடுச்சு. எங்கேயோ பின்னால இடிபட்ட சின்னக் காரோடது. இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்ல. பழசச் சங்கிலி போட்டுத் தூக்கினோம். "என்னாக்கா பண்றது இத?" "காயலான் கடை." நானே ஏத்தி வுட்டேன். துளிகூட அழுகை வரல.

பொய். வந்துச்சு. ஆனா இன்ஜினுக்காக இல்ல.

வாங்கணும்: தக்காளி, சோப்பு, கிரீஸ் போற பவுடர், அம்மாவுக்குத் தைலம்.

ஆடி 25, ஞாயிறு

சாயங்காலம் ஒரு தூறல். இந்த வாரம் முழுக்க ஒயரிங். புது இன்ஜினுக்கு மூளைப் பெட்டி ஒண்ணு இருக்குது, அதுலருந்து ஒயரு குப்பையா தொங்குது. தறியில பாவு நூல் பிணைக்கிற கைதானே எனக்கு, கலர் கலரா பிரிச்சுக் குடுத்தேன். தாஸ் தப்பா ஒண்ணு சொருகி, ஹாரன் நிக்காமக் கத்தி, தெருவே கூடிடுச்சு. சிரிச்சு சிரிச்சு எனக்கு இருமலே வந்துடுச்சு.

அம்மா: "தறி தூங்குது, நீ ஆயில்ல குளிச்சிக்கினு இருக்கற."

பச்சைதான் ஒரிஜினல் கலராம். மாம்பழ மஞ்சள் அடிச்சு, ரெண்டு பக்கமும் அரக்கு பார்டர் இழுத்துட்டோம். முகூர்த்தப் பட்டு மாதிரி ஜொலிக்குது.

திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் நானே ஓட்டினேன். தலைமுடி பறக்குது. கொஞ்ச நேரம் மு.வ மறந்தே போய்ட்டேன். அப்புறம் ஞாபகம் வச்சிக்கினு திட்டிட்டு வந்தேன்.

ஆவணி 5, வியாழன்

காலையிலருந்து மழை மூட்டம். மேடை ஜோடிக்கிற குமார் ஃபோன்.

"அக்கா, அடுத்த வாரம் ஒரு மாப்ள அழைப்பு. பொண்ணு வீட்டுக்காரங்கதான் கார் ஏற்பாடு."

"மாப்ள யாரு?"

சொன்னான். மு.வோட தம்பி சுரேஷு! மாப்ள வீட்டுக்கு எந்தக் காரு வருதுன்னே தெரியாதாம். மு. வருவான். அண்ணங்காரன், முன்னால நடந்துதானே ஆவணும்.

"டிரைவர் யார போடட்டும்க்கா?"

"நானே வரேன்."

அம்மா அழறாங்க. "வேணாண்டி, நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" அன்னைக்குச் சிரிச்ச அதே நாலு பேருதானே, இன்னைக்கும் எதையாவது சொல்லட்டும்.

மு. மூஞ்சி செத்துப் போவணும். நான் பாக்கணும். வேற எதுவும் வேணாம் எனக்கு.

ஆவணி 13, வெள்ளி

மழை வுட்டுடுச்சு. உக்காந்து பொறுமையா எழுதறேன்.

நேத்து சாயங்காலம், பிள்ளையார் கோயில் வாசல். மஞ்சள் வண்டி, பூ, லைட்டு, நான். மு.வோட அம்மா வாய்ல கை வச்சவங்கதான், எடுக்கல. சுரேஷு பாவம், பழக்க தோஷத்துல "அண்ணி"ன்னுட்டு நாக்கக் கடிச்சிக்கினு ஏறி உக்காந்தான்.

மு. பட்டு வேட்டியில வந்தான். வண்டியப் பாத்தான். கத்துவான்னு காத்துக்கினு இருந்தேன். கத்தல. சுத்தி வந்து பாத்தான், பானெட்டத் தொறக்கச் சொன்னான், பாத்தான், சிரிச்சான். சிரிச்சான்! எனக்கு உள்ள என்னமோ இடிஞ்சு வுழுந்துச்சு.

பொண்ணோட மாமா வந்து வண்டியத் தட்டினாரு. "அருமையா இருக்குதே! யாரு செஞ்சது?"

"நம்ம வண்டிதாங்க," மு. சொல்றான். "ஒன்பது வருஷம் நான் பட்ட பாடு. இன்ஜின் மாத்தினதுகூட நம்ம ஐடியாதான்."

அடப்பாவி! ஒரிஜினல் ஒரிஜினல்னு என் உயிர எடுத்தது யாரு? கேக்கறதுக்குள்ள மேளம் கெளம்பிடுச்சு, ஓட்டினேன். முன்னால அவன் முதுகு. ஒவ்வொரு வாசல்லயும் திரும்பி வண்டியக் காட்டி "நம்மளுது, நம்மளுது"ங்கறான்.

கடைத்தெரு முனையில மேளக்காரங்க நின்னு வாசிச்சாங்க. அங்க இன்ஜின ஆஃப் பண்ணேன். எறங்கினேன். சாவிய நீட்டினேன்.

"இவரு செஞ்ச வண்டி. மிச்ச தூரம் இவரே ஓட்டட்டும்."

பொண்ணு வீட்டுக்காரங்க கை தட்டறாங்க. எப்படி மாட்டேன்னு சொல்லுவான்? உக்காந்தான். பழைய ஞாபகத்துல சோக்குக் குமிழ இழுத்தான். புது இன்ஜினுக்கு அது எதுக்கு, சீரியல் லைட்டுக்குன்னு தாஸ் மாத்தி வச்சிருந்தான். செவப்பும் பச்சையும் பளிச்சு பளிச்சுன்னு மின்னுது. பசங்க ஓன்னு கத்துது. சாவியத் திருகினான். சத்தமே இல்ல. க்ளட்ச்ச முழுசா மிதிக்காம இது ஸ்டார்ட் ஆவாது, அது அவனுக்கு எங்க தெரியும்? திரும்பத் திருகினான். மேளம் நின்னுடுச்சு. சுரேஷு வானத்தப் பாக்கறான்.

"என்னா சார், உங்க வண்டிதானே?" பொண்ணோட மாமா கேக்கறாரு.

மு. கழுத்தெல்லாம் வேர்வை. என் பக்கம் சாஞ்சு, உதடு அசையாம, "தேவகி, எப்படி ஸ்டார்ட் பண்றது? சொல்லும்மா."

"எல்லாருக்கும் கேக்கறா மாதிரி கேளு"ன்னேன்.

கேட்டான்.